முதல் சம்பளம் வருகிற வரைக்கும்: எந்த வழி யாருக்குச் சரிப்படும்?

வந்தவாசியில் பதினொரு வருஷமாக ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் பார்க்கிறேன். வேலை தேடுகிறவர்கள் எந்த வழியாகப் போனாலும் நடுவில் ஒரு தடவையாவது என் கடைப் படி ஏறித்தான் ஆக வேண்டும். கம்பெனிக்குக் கொடுக்க ஆதார் நகல், ஐ.டி.ஐ. சேர்க்கை, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிப்பது, வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எல்லாம் இங்கேதான். ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, இதுல எதுக்குப் போனா நல்லது?"

முன்பெல்லாம் சம்பளத்தையோ மானியத்தையோ பார்த்துப் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். இப்போது வேறு கணக்குப் போடுகிறேன். வீட்டிலிருந்து கிளம்புகிற நாளுக்கும் முதல் காசு கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் எத்தனை நாள்? அத்தனை நாளும் அடுப்பு எப்படி எரியும்? குழந்தையை யார் பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகுதான் மற்றதெல்லாம். நல்ல வேலை கிடைத்தும் பதினைந்தாம் நாள், இருபதாம் நாள் விட்டுவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். "உழைக்க வணங்காது" என்று ஊர் அவர்களைப் பேசும். அவர்களோ அந்த முதல் நாற்பது நாளைத் தாண்ட வழியில்லாமல் திரும்பியவர்கள்.

போன சித்திரையில் ஒரு பெண் வந்தார். முப்பத்து நான்கு வயது. கணவர் இறந்து இரண்டு வருஷம். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நான்கு. பத்தாவது பெயில். கோரைப்பாய் நெய்கிற இடத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பாய் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டதில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிய விஷயம். மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. வாரக் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை ஒன்று பாக்கி இருக்கிறது. கூடவே கண் சரியாகத் தெரியாத மாமியார்.

மேசை மேல் நான்கு விஷயங்களை வைத்தார். ஷூ கம்பெனி ஆள் எடுக்கிற நோட்டீஸ், இலவசத் தையல் பயிற்சி நோட்டீஸ், மாட்டு லோனைப் பற்றிக் குழுவில் சொன்ன விவரம் எழுதிய துண்டுச் சீட்டு, நூறு நாள் வேலை அட்டை. "எதுன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றார். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், மற்றவர்களுக்குச் சொல்லிவருவதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி பஸ்

எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை. மாங்கால் கூட்டுரோடு பக்கம் உள்ள காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். படிப்பு பெரிதாகக் கேட்பதில்லை, அனுபவமும் வேண்டாம், ஊருக்கே பஸ் வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் விடுதியோடு கிடைக்கிற வேலை பெரிய வரம். வீடு தேடுவது, வாடகை முன்பணம், ராத்திரிப் பயணம் என்ற மூன்று முட்டுக்கட்டையும் ஒரே அடியில் போய்விடும். இரண்டு குழந்தைகளோடு இருப்பவருக்கு அது ஆகாது. அவருக்குச் செய்யாறு பஸ்தான் வழி.

சம்பளத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டீஸில் 13,500 என்று போட்டிருந்தால் கைக்கு 13,500 வராது. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 என்று வைத்துக்கொண்டால், பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஆகக் கைக்குக் கிட்டத்தட்ட 12,200. சாப்பாட்டுக்குப் பிடித்தால் இன்னும் குறையும். "ஏமாத்திட்டாங்க" என்று முதல் மாதமே சண்டை போட்டுவிட்டு வேலையை விட்ட பையன்கள் உண்டு. பிடித்த பி.எஃப். அவர்கள் பெயரில்தான் சேருகிறது, முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் போதும். இ.எஸ்.ஐ.யும் சாதாரண விஷயம் இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. குழந்தைக்கு ஜுரம் என்றால் கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வீட்டுக்கு, மாதம் நூறு ரூபாயில் குடும்பத்துக்கே வைத்தியம் என்பது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது தேதி. சில இடங்களில் ஒன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கு. சில இடங்களில் 21ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 20 வரை கணக்கு எடுத்து, அதற்கு அடுத்து வரும் 7ஆம் தேதி சம்பளம் போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஜூன் 22ஆம் தேதி சேர்ந்தால், முதல் சம்பளம் ஆகஸ்ட் 7ஆம் தேதிதான். நாற்பத்தாறு நாள்! ஒன்றாம் தேதிக் கணக்கு உள்ள இடத்தில் 1ஆம் தேதியே சேர்ந்தால் முப்பத்தாறு நாளில் முழுச் சம்பளம். 20ஆம் தேதி சேர்ந்தால் பதினேழு நாளில் காசு வந்துவிடும், ஆனால் பத்து நாள் கூலிதான் இருக்கும், அடுத்த மாதம் முழுக்க அதை வைத்துத் தள்ள வேண்டும். எந்தத் தேதியில் சேருகிறோம் என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. நான் இப்போது முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்: "கணக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்? சம்பளம் எந்தத் தேதி?"

இனி குழந்தை. பஸ் கூட்டுரோட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு நிற்கும். பெரியவள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அங்கே காலை உணவு உண்டு. 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டம் அது. பசியோடு போகும் பிள்ளைகளுக்கான திட்டம் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். விடியற்காலையில் வேலைக்குப் போகிற தாய்க்கும் அதுதான் கை கொடுக்கிறது. சின்னவன் அங்கன்வாடிக்குப் போகிறான். ஆக ஐந்தே முக்காலிலிருந்து பள்ளியும் அங்கன்வாடியும் திறக்கிற வரைக்கும், சாயங்காலம் விட்டதிலிருந்து பஸ் திரும்புகிற வரைக்கும் ஓர் ஆள் வேண்டும். மாமியாருக்குக் கண் தெரியாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டத்தில் சேர்த்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையை இருட்டில் எழுப்பிக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆளும் நம் தெருவிலேயே வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வேலை ஆர்டரில் கையெழுத்துப் போடுவது கம்பெனியா, கான்ட்ராக்டரா என்று பாருங்கள். கான்ட்ராக்ட் என்றாலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவசரத்துக்கு அதுவும் வேலைதான். ஆனால் வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டாலோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். என்னிடம் ஜெராக்ஸ் எடுத்துப் போன ஒரு தம்பி மூன்றாயிரம் ரூபாயையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் ஓர் ஏஜென்ட்டிடம் கொடுத்தான். பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான். மார்க் ஷீட்டுக்காக ஆறு மாதம் அலைந்தான், அந்த ஆறு மாதமும் வேறு எங்கும் சேர முடியவில்லை.

நூறு நாள் வேலையும் தையல் நோட்டீஸும்

நூறு நாள் வேலையின் பெரிய வசதி, அது ஊருக்குள்ளேயே இருப்பது. குழந்தையையும் மாமியாரையும் விட்டு எங்கும் போக வேண்டாம். 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்திருந்த நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் நூறு நாளும் முழுக் கூலியோடு கிடைத்தாலே வருஷத்துக்கு 33,600, அதாவது மாதத்துக்கு 2,800. அளவு எடுத்துக் கூலி போடும்போது முழுசாகவும் வராது, பதினைந்து நாளில் வர வேண்டிய காசு தள்ளிப்போனதும் உண்டு. இதை ஒரு வேலையாக எண்ணாமல் வேறு வேலை கிடைக்கும்வரை பிடித்துக்கொள்ளும் கைப்பிடியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தையல் பயிற்சி நோட்டீஸ், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தினுடையது. 1982இல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முறை, பிறகு நாடு முழுக்க வந்தது. பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், முடிந்தபிறகு வங்கிக் கடனுக்கு வழி காட்டுவார்கள், இரண்டு வருஷம் தொடர்பிலும் இருப்பார்கள். தையல் மட்டும் இல்லை. செல்போன் ரிப்பேர், கறவை மாடு, ஏ.சி. மெக்கானிக், அழகுக்கலை எல்லாம் உண்டு. சொல்லித் தருகிறவர்களும் அக்கறையாகவே சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் அந்த ஒரு மாதம் கூலி இல்லை. முடித்த மறுநாளும் காசு வராது. மிஷின் வாங்க வேண்டும், துணி கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும். ஜாக்கெட் தைப்பதில் முதல் இருபது ஜாக்கெட் கைப்பழக்கத்துக்கே போய்விடும். கை இறங்காமல் இழுத்துப் பிடித்தால் பக்கத்து வீட்டு அக்காவே அடுத்த தடவை டவுனுக்குக் கொண்டுபோய்விடுவார். அதனால் தையல் நோட்டீஸோடு வருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன். "இப்பவே உங்ககிட்ட தைக்கக் கொடுக்க அஞ்சு பேர் இருக்காங்களா?" ஏற்கெனவே கிழிசல் தைப்பவர், ஃபால்ஸ் அடிப்பவர், வீட்டில் மிஷின் உள்ளவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், பயிற்சி அவர்களை ஒரு படி தூக்கிவிடும். ஒன்றுமே இல்லாமல், வீட்டில் வேறு வருமானமும் இல்லாமல் போகிறவருக்கு அது முதல் படியாக இருக்க முடியாது. சர்டிபிகேட் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கும், வயிறு காயும்.

வேலையோடு சேர்த்துப் பயிற்சி தருகிற தீன்தயாள் உபாத்யாய திட்டமும் இருக்கிறது. 2014இல் வந்தது, கிராமத்தில் உள்ள 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, பெண்களுக்கு 45 வரைக்கும். தங்குமிடம் தருவார்கள், முடிந்ததும் வேலையும் காட்டுவார்கள். வேலை எந்த ஊரில் என்று மட்டும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தங்க வாடகையும் சேர்த்தால் கணக்கு எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

மாட்டு லோன்

இதில்தான் நிறையப் பேர் ஆசைப்பட்டுக் கால் வைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மானியம் என்கிற வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். வேலையற்ற இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்தில் எட்டாவது படித்தவருக்கே கடன் உண்டு, 25 சதவீதம் மானியம். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் 35 சதவீதம், அதோடு வட்டியில் 6 சதவீதம் அரசு ஏற்கிறது. எல்லாம் நல்ல திட்டங்கள். எது உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். மானியத்தைக் கையில் தரமாட்டார்கள். பிரதமர் திட்டத்தில் அது மூன்று வருஷம் வங்கியிலேயே உங்கள் பெயரில் கிடக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். "அஞ்சு லட்சம் வாங்கினா ஒன்றரை லட்சம் ஃப்ரீ" என்று சொல்லி பத்தாயிரம் கமிஷன் கேட்கிற ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அத்தோடு பேச்சு நின்றுவிடும். இன்னொன்று: சிறுதொழில் கடனுக்குக் குறைந்தது பத்து லட்சம் வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்கிற கிளைகள் இருக்கின்றன. ஒரு கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்த அம்மாவுக்கு அந்த விதியை பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் தடவை பத்திரம் இல்லாமலே கடன் பாஸானது.

இப்போது மாட்டுக்கு வருவோம். ஈன்ற கலப்பின மாட்டை அறுபது எழுபதாயிரத்துக்கு வாங்குகிறோம் என்று வையுங்கள். பத்து மாதம் கறக்கும், பிறகு இரண்டு மாதம் பால் வற்றியிருக்கும். தவணை பன்னிரண்டு மாதமும் வரும். தீவனத்துக்கு மாடு கறந்தாலும் கறக்காவிட்டாலும் காசு வேண்டும். சினை பிடிக்காமல் போனால் வற்றிய காலம் நீண்டுகொண்டே போகும். சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வைக்கோலும் உள்ளவருக்கு மாடு லாபம்தான். கிடைக்கிற பால் காசில் அப்படியே மிச்சம் நிற்கும். இந்தப் பெண்ணுக்கு நிலம் இல்லை, புல்லும் விலைக்குத்தான். ஏற்கெனவே வாரக் குழுத் தவணை வேறு. ஒரே மாட்டை நம்பி இரண்டு கடன் என்றால், மாட்டுக்கு மடிநோய் வந்த அன்றைக்கே வீடு ஆடிப்போகும்.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் தொடங்கிய ஒரு முறையைப் பற்றிப் படித்தபிறகுதான் இது எனக்குத் தெளிவாக விளங்கியது. பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாடோ ஆடோ கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடவில்லை. அது பலன் கொடுக்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கு வாராவாரம் கொஞ்சம் பணம், வளர்க்கப் பயிற்சி, வீட்டுக்கே வந்து விசாரிக்கிற ஒரு ஆள் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தியா (மேற்கு வங்கம்) உட்பட ஆறு நாடுகளில் இதே முறையைச் சோதித்துப் பார்த்து 2015இல் முடிவு வெளியானது. பெரும்பாலான இடங்களில், உதவி நின்று ஒரு வருஷம் ஆனபிறகும் அந்தக் குடும்பங்களின் நிலை மேலேதான் இருந்தது. நம்மூர் மாட்டு லோனில் மாடு மட்டும்தான் வருகிறது. நடுவில் சாப்பிட வேண்டிய காசை வாரக் குழுவில் வாங்குகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஐ.டி.ஐ.யா, உடனே வேலையா?

பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த பையன்களின் கேள்வி இது. போன மாதம்கூட ஒரு பையன் அம்மாவோடு வந்தான். கான்ட்ராக்ட் வேலை தயாராக இருக்கிறது, மாதம் 14,000. அம்மாவுக்கோ ஐ.டி.ஐ. சேர்த்துவிட ஆசை.

அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்திருந்து தகுதி இருந்தால் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலோ, பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலோ மாதம் இன்னும் 1,000. ஆக 1,750. வெல்டர் ஒரு வருஷம், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருஷம். வெல்டர், வயர்மேனுக்கு எட்டாவதே போதும். ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. இதை எத்தனையோ பெண்கள் தெரியாமலே இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

14,000க்கும் 1,750க்கும் நடுவில் உள்ள 12,250 ரூபாயை மாதாமாதம் யார் தாங்குவார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. வீட்டில் அப்பாவோ அண்ணனோ சம்பாதித்தால் யோசிக்கவே வேண்டாம், ஐ.டி.ஐ.தான். பத்தொன்பது வயதில் கான்ட்ராக்டில் போனவனை இருபத்தாறு வயதில் அதே சம்பளத்தில், வேறு கான்ட்ராக்டர் பெயரில் பார்க்கிறேன். கையில் தொழில் உள்ளவன் அப்படி நிற்பதில்லை, ஒரு இடம் போனால் இன்னொரு இடம் அவனைத் தேடும். வீட்டில் வேறு ஆள் இல்லை, இரண்டு வருஷம் தாங்காது என்றால், ஒரு வருஷ டிரேடைப் பார்க்கச் சொல்வேன். அந்தப் பையன் வெல்டருக்கு விண்ணப்பம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போவதாக அம்மாவிடம் ஒப்பந்தம்.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்கு மட்டும் படிக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2024 குரூப் 4 அறிவிப்பில் 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்பு இலவசம். பகுதி நேரமாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு படியுங்கள். அதே அலுவலகத்தில் உதவித்தொகையும் உண்டு: பத்தாவது பெயிலுக்கு மாதம் 200, பாஸுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருஷத்துக்கு. பதிவு செய்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள். பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அதே உதவித்தொகை 600, 750, 1,000 என்று கூடுதலாக, பத்து வருஷம் வரை கிடைக்கும்; பதிவு ஒரு வருஷம் ஆனால் போதும். ஆனால் அவர்களில் பலர் பயிற்சிக்கு மேல் பயிற்சியாகப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். காது கேளாத ஒரு தம்பி மூன்று கம்ப்யூட்டர் சர்டிபிகேட் வைத்திருந்தான், வேலை ஒன்றுகூட இல்லை. மனநலம் பாதித்தவர்களுக்காக அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் 1990களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசையை மாற்றி, முதலில் சாதாரண வேலையிலேயே சேர்த்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஆள் நின்று பழக்குவது. பழைய வரிசையைவிட இதில்தான் அதிகம் பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று பல ஆய்வுகளில் தெரிந்தது. அந்தத் தம்பி விஷயத்தில் நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம். பில்லிங் தெரிந்த என் தம்பி மனைவி பத்து நாள் அவன் கூடவே ஒரு மொத்த வியாபாரக் கடையில் உட்கார்ந்தார். பேச வேண்டியதை எழுதிக் காட்டக் கடைக்காரர் ஒரு ஸ்லேட் வாங்கி வைத்தார். இப்போது ஒன்பது மாதமாக அங்கேதான் இருக்கிறான்.

பஸ் காசா, பேப்பரா?

உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கையில் ஐயாயிரம் பத்தாயிரம்தான் இருக்கிறது, எதில் போட்டால் ஒருவர் வேலைக்குள் போவார்?

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இதையே சோதித்தார்கள், 2021இல் ஆய்வு வெளியானது. வேலை தேடும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு ஊருக்குள் போய்வரப் பஸ் காசு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்தில் பேசவும் சொல்லிக்கொடுத்து, திறனைச் சோதித்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு இரண்டுமே உதவின. நான்கு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பஸ் காசு வாங்கியவர்களுக்கும் ஒன்றும் வாங்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ் இலவசம். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கெடுத்தது. அதனால் இங்கே நான் பேப்பரைத்தான் முதலில் பார்ப்பேன். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் மூன்று ஆள் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பி.எஃப். எண் ஏறாது, சம்பளம் கணக்கில் விழாது. ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவைதான். அவசரத்தில் தப்பாக மாற்றிவிட்டால் அப்புறம் பெரிய அலைச்சல். வேலை தேட ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே இந்த மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு பாஸ்புக்கில்தான் கோளாறு. அதைச் சரி செய்ய ஒன்பது நாள் ஆனது. ஷூ கம்பெனிக்கே போவது என்று முடிவு செய்தோம். அங்கே ஒன்றாம் தேதிக் கணக்கு, அதனால் மே நடுவில் கூப்பிட்டும் போகாமல் ஜூன் 1ஆம் தேதி சேர்ந்தார். மே மாதம் முழுக்க நூறு நாள் வேலையும் பாய் வேலையும் பார்த்தார். பக்கத்தில் உள்ள இரண்டு கடைக்காரர்களும் நானும் சேர்ந்து வட்டியில்லாமல் ஐயாயிரம் கொடுத்தோம். எதிர்வீட்டு ஆயா காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகவும், சம்பளம் வந்தபிறகு மாதம் 1,500 வாங்கிக்கொள்வதாகவும் பேச்சு. இருபத்தோராம் நாள் ராத்திரி போன் பண்ணினார். கால் வீங்கிவிட்டது, நாளைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றார். "இன்னும் பதினஞ்சு நாள்தாம்மா, சம்பளத்த வாங்கிட்டு முடிவு பண்ணு" என்றேன். போனார்.

ஜூலை 8ஆம் தேதி சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். இ.எஸ்.ஐ. என்ற இடத்தில் விரலை வைத்து, "இது அத்தைக்கு ஆகுமா, பிள்ளைங்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். அதைக் கம்பெனி ஆபீஸில் கேட்டு வரச் சொன்னேன். இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதியை இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றார். பர்ஸை மூடும்போது தையல் நோட்டீஸ் நான்காக மடித்து உள்ளே இருந்தது தெரிந்தது. "இன்னுமா வச்சிருக்கே?" என்றேன். அடுத்த ஜூனில் சின்னவனும் ஒன்றாம் வகுப்பு, அவனுக்கும் காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே ஆகிவிடும், ஆயாவுக்குக் கொடுக்கிற காசில் பாதி மிஞ்சும், அதில் ஒரு பழைய மிஷின் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.